சாதுவான காளை

தகுவாரெம்போ ஊரின் மாட்டு ஏல வளாகத்தில் எத்தனையோ ஹெர்போர்டு இனக் காளைகள் நின்றன. ஹேபெர் தேடியது சாதுவான ஒன்றை மட்டும்தான். போன வருடம் பழைய காளை அவர் மனைவி இல்டாவை வேலியோடு வைத்து நசுக்கியதில் அவள் இடுப்பெலும்பு முறிந்துபோனது. அன்றிலிருந்து ஊன்றுகோல்தான். அப்பா சீராகக் கொடுத்த நாலைந்து கிடாரிகளிலிருந்து மந்தையையே பெருக்கியவள், மாடுகள் பக்கம் போகவே பயந்தாள்.

"கெழவா, எந்தக் காளைய வேணா கொண்டா. பொல்லாதத மட்டும் கொண்டாராத," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒரு காளை கம்பிகளுக்கிடையே தலையை நீட்டி அவர் உள்ளங்கையை நக்கியது. அவ்வளவுதான், மனிதர் சொக்கிப்போனார். பக்கத்துப் பண்ணைக்காரர் அதேமார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், காளை வாங்க வந்தியா, மருமகன் பாக்க வந்தியா? அந்த மூலையில மண்ணக் கிளறிக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன வாங்குய்யா!"

"அவன நீயே கூட்டிட்டுப் போ. எங்க வீட்ல ஒரு இடுப்பு ஒடிஞ்சது போதும்."

கையை நக்கிய காளைக்கு முதுகு, கால், குளம்பு, எதிலும் குறையில்லை. விந்துப் பரிசோதனையிலும் தேறியிருந்தது. அதையே வாங்கினார்.

வசந்தத்தில் அதை மந்தையோடு விட்டார்கள். இல்டா வேலிக்குள் போய் அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். பார்த்த ஹேபெருக்கு அழுகையே வந்துவிட்டது.

காளை யூகலிப்டஸ் நிழலில் படுத்து அசைபோட்டது. பசுக்கள் பருவத்துக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மூன்று வாரம் கழித்து அதே பசுக்கள் மறுபடி ஏறின. சினை பிடித்த பசு அப்படி ஏறாது. ஹேபெர் பார்க்காமல் இல்லை.

"வெயில் காலமில்ல? நல்ல காளை ராத்திரியிலதான் வேலை பாக்கும்," என்றார், மாத்தே தேநீரை உறிஞ்சியபடி. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ராத்திரியில் போய்ப் பார்த்தவர்தான் யாருமில்லை.

இலையுதிர்காலத்தில் சினை பார்க்க மாட்டு டாக்டர் ரொசாரியோ வந்தாள். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, கூண்டில் நின்ற முதல் பசுவுக்குள் கையை விட்டாள்.

"காலி."

ஹேபெர் பசுவின் பின்பக்கம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும். காலி என்றால் கசாப்பு லாரிதான். குளிர்காலப் புல் சினை மாடுகளுக்கே பற்றாது. பாதி மந்தை முடிந்தும் 'சினை' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது கடைசிவரை மிரளவேயில்லை.

"இன்னொரு தடவ பாரும்மா."

"இருந்தா சொல்லமாட்டேனா பெரியவரே? உங்க காளைக்கு ஒடம்புல ஒண்ணும் குறையில்ல. ஆசைதான் இல்ல. சிலது அப்படித்தான்."

ஹேபெர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"சாதுவா இருக்கணும்னு நான்தானே கேட்டேன்," என்றாள் இல்டா.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"அடுத்தத விடுங்க," என்றாள் ரொசாரியோ. அடுத்த பசு கூண்டுக்குள் வந்தது. அதுவும் காலி. சாக்கட்டியைத் தூக்கிய ஹேபெரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"குடு இங்க," என்று இல்டா அதை வாங்கினாள். ஒரு கையை ஊன்றுகோலில் வைத்துக்கொண்டு, தன் பசுவின்மேல் தானே கோடு போட்டாள்.