மழைக்கும் கோட்டா

நெருப்பெரிச்சல் ஊர்ச் சலவைப்பட்டறைக் களத்தில் வெளுத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. பட்டறையில் கணக்குப் பார்க்கும் தரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிமிடத்துக்கொரு தரம் வானத்தைப் பார்த்தாள். பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுச் சூத்திரப்படி மழைக்குக் கணக்குப் போட்டவளே அவள்தான். வாரத்துக்குச் சராசரி இரண்டு மழை.

“ரெண்டும் பேஞ்சு முடிஞ்சுது கண்ணு, கோட்டா தீந்துது” என்றார் முதலாளி பொங்கியண்ணன். வெளிநாட்டுக்கு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்ற ஏற்றுமதிக் கோட்டாவை ஊரே வாங்கி விற்ற காலத்தில் தொழில் கற்றவர்.

“சராசரின்னா கோட்டா இல்லீங்க. ரெண்டு பேஞ்சது வானத்துக்கு ஞாபகமே இருக்காதுங்க. இன்னைக்கும் நூத்துக்கு இருவத்தஞ்சு வாய்ப்பு இருக்குதுங்க. துணிய எடுத்தர்லாங்க.”

“எழுவத்தஞ்சு நம்ம பக்கமாச்சே!”

அவர் சிரித்து முடிக்கவில்லை, சடசடவென்று பிடித்துக்கொண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு ஓடியவர் கத்தினார்:

“எவனோ அவன் கோட்டாவ நம்ம தலைல வித்துப்போட்டான் கண்ணு!”