ஆட்டுத் திருடனின் பேரன்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

தையல்காரருக்கும் அவர் மனைவியின் அண்ணனுக்கும் பூர்வீகம் ஒரே பங்குக் கோயில். அங்கிருந்த பழைய அடக்கப் பதிவேட்டில் இருவரின் முப்பாட்டன்மாரும் அடுத்தடுத்து இருந்தார்கள். ஒருவர் கோபுரத்திலிருந்து விழுந்த மணியைத் தலையால் தாங்கி, அது அடித்து ஓயும்வரை நின்றுவிட்டுச் செத்தவர். மற்றவர் ஆடு திருடிக்கொண்டு ஓடும்போது அந்த ஆடே முட்டிச் செத்தவர். எழுதிய பாதிரியாரோ, தன் கையெழுத்தைத் தானே படிக்க முடியாமல் ஞாயிறுதோறும் பிரசங்கத்தைப் பாட்டோடு முடித்துக்கொண்டவர். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மச்சான்தான். மணி தன் வம்சம், ஆடு மாப்பிள்ளை வம்சம் என்று படித்துச் சொன்னார்.

அன்றிலிருந்து எந்த விருந்திலும், "பாத்துப் போடுங்கப்பா, மாப்ளைக்கு ஆடுன்னா ரத்த சொந்தம்" என்பார். தையல்காரரும் சேர்ந்து சிரிப்பார். வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று நம்பியிருந்தார்.

மகள் பள்ளியிலிருந்து 'ஆட்டுக்காரி' என்ற பட்டப்பெயரோடு அழுதுகொண்டு வந்த அன்று, தானே படித்துவிடுவது என்று கிளம்பினார். அடக்கப் பதிவெல்லாம் ஒரே வாசகத்தில்தான் தொடங்கும். அது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து, சட்டைக்கு வெட்டுவது போல ஒவ்வோர் எழுத்துக்கும் காகிதத்தில் மாதிரி வெட்டினார். பக்கத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போனார்.

மணிக்குப் பக்கத்தில் அவர் குடும்பப் பெயர். ஆட்டுக்குப் பக்கத்தில் மச்சானுடையது. மாதிரியை எத்தனை முறை எடுத்து வைத்துப் பார்த்தும் பெயர் விலகவில்லை.

மனைவி சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் நிமிரவில்லை.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே. அண்ணன்தான் சொல்லிச்சு. அதுக்குப் பெருமைன்னு வேற என்னங்க இருக்கு? உங்களுக்காவது தொழில் இருக்கு."

"பொண்ணு அழுதுட்டு வந்துச்சே."

ஊசி நின்றது. "அன்னைக்கே அவகிட்டயும் சொல்லிட்டேன். அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னு."

அடுத்த விருந்தில் மச்சான் வழக்கம்போல ஆட்டை அவிழ்த்துவிட்டார். மனைவி சிரித்தாள். மகளும் சிரித்தாள். தையல்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பையிலிருந்த காகித எழுத்துகளை அள்ளி மச்சானின் தட்டருகே வைத்தார்.

"நீங்களே கோத்துப் படிங்க மச்சான். நான் கை கழுவிட்டேன்."

அந்தக் கோயிலின் பதிவேடுகள் ஒரு பக்கம் மிஞ்சாமல் தீயில் எரிந்தது, தையல்காரர் பிறப்பதற்கு முந்தைய வருடம்.