வளைவோரச் சரக்குக் கொட்டகை

காலி மாத்திரை அட்டையைக் காட்டி அதே மாத்திரையைக் கேட்பவர்களிடமிருந்து, மருந்துக்கடைக்காரி அட்டையைக் கைப்பற்றி இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள். வீட்டிலும் செருப்புப் பெட்டி, மை தீர்ந்த பேனாக் குழாய், எரிந்த தீக்குச்சி எதையும் வீச விடமாட்டாள். "நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டிக்குத் தினமும் பட்டினிதான்" என்பார் கணவர்.

அந்தக் குப்பையெல்லாம் இப்போது உள்ளங்கை அகலச் சரக்குக் கொட்டகையாகி, மாதிரி ரயில் மன்றத்தின் மேசையில் நின்றது. அச்சகத்துக்கு மேலிருந்த அந்த அறையை அடைத்துக்கொண்டு ஓடும் சின்ன ரயில்பாதையில், ஒரு வளைவின் உட்பக்கம் மட்டும் காலியாக இருந்தது. நாளை கண்காட்சி. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கொட்டகை ஒன்றும் பெட்டிக்குள் தயாராக இருந்தது. இன்றைய வெள்ளோட்டத்தில் ரயில் தடைபடாமல் போனால் அவளுடையது நிற்கும். இல்லையென்றால் பெட்டியைப் பிரிப்பார்கள். இப்படிச் சொன்னவர் மன்றத்துப் பொறுப்பாளர். எதற்கெடுத்தாலும் கையை உயர்த்தி நிறுத்துவதால் எல்லோருக்கும் 'சிக்னல்' அண்ணன்.

கூரைத் தகடு எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைச் சீப்பின் பற்கள்மேல் விரித்து, பேனாக் குழாயின் முனையால் தேய்த்தால் வரிவரியாகப் பதிந்துவிடும் என்றாள். அவர் ம்ம் என்றார், விசையைத் திருப்பினார்.

என்ஜின் கொட்டகையை உரசாமல் போனது. பின்னால் வந்த நீளப் பயணிகள் பெட்டிதான் வளைவில் கூரை விளிம்பை இடித்துத் தடம்புரண்டு சாய்ந்தது.

சிக்னல் அண்ணனின் கை உயர்ந்தது.

அவளுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. வட்டமான தட்டின் விளிம்பில் இரு முனையும் படும்படி ஓர் அளவுகோலை வைத்தால், நடுப்பகுதி தட்டுக்குள் வந்துவிடும். ரயில்பெட்டியும் அப்படித்தான்: இரு கோடியிலுள்ள சக்கரங்கள் வளைவைப் பிடித்துக்கொண்டு போகும், வளையாத உடம்பு உட்பக்கம் தள்ளும். பெட்டி நீளமாக நீளமாகத் தள்ளலும் கூடும். அவள் வீட்டில் அளந்து பார்த்ததோ குட்டைச் சரக்குப் பெட்டியை வைத்து.

"கொஞ்சம் பின்னாடி தள்ளி வைக்கலாமே" என்றார் கூட வந்திருந்த கணவர். பின்னால் மாதிரி மலையை ஒட்டிக் காயவைத்திருந்தார்கள்; தள்ள இடமில்லை.

"பிளாஸ்டிக் கொட்டகைப் பெட்டியப் பிரிச்சிரலாம்மா. நாளைக்கு நாலு பேரு வர்ற எடம்" என்றார் சிக்னல் அண்ணன்.

"பிரிங்க அண்ணே. நீங்க அதப் பிரிச்சு ஒட்டி முடிக்கிறதுக்குள்ள நான் இத முடிச்சிர்றேன்."

கொட்டகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காகிதம் விரித்தாள். நீளப் பெட்டியின் உட்பக்கச் சுவர் நடுவில் பென்சிலைக் கட்டி, முனை காகிதத்தைத் தொடும்படி வைத்துக் கையால் மெல்லத் தள்ளினாள். பெட்டி எதுவரை உள்ளே வரும் என்று பெட்டியே கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோட்டிலிருந்து அரிசி மணி அகலம் விட்டு, கொட்டகையின் மேடையையும் கூரையையும் அதே வளைவில் வெட்டினாள். கத்தரி பட்ட இடத்தில் தகட்டின் வரிகள் நசுங்கிப்போயின. முன்வரிசையைப் பிய்த்துப் புதிதாகப் போடவேண்டும். கைவசம் தாள் இல்லை, இரவாகிவிட்டதால் மருந்துக்கடையும் பூட்டியிருந்தது.

"யார்கிட்டயாவது மாத்திரை அட்டை இருக்கா?"

சிக்னல் அண்ணன் பிளாஸ்டிக் கொட்டகைப் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்தார். கடைசி ஒன்றுதான் மிச்சம்.

"இத முழுங்கிட்டுத் தரேன். எப்படியும் வேளையாச்சு."

"காலையில போடுற மாத்திரை இது, அண்ணே. நான்தானே குடுத்தேன்."

அவர் மாத்திரையைப் பிதுக்கிச் சட்டைப்பையில் போட்டு, அட்டையை அவளிடம் நீட்டிவிட்டு, தண்ணீர்ப் புட்டியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். கணவர் தன் சீப்பை நீட்டினார். அதில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டு அவள் வரிகளைத் தேய்த்தாள்.

பசை காய்ந்ததும் நீளப் பெட்டி வந்தது. விளிம்பும் பெட்டியும் ஒரே வளைவில் போக, நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு அறுபடாமல் தெரிந்தது. சிக்னல் அண்ணனின் கை விசையிலேயே இருந்தது.

"இன்னும் ரெண்டு பெட்டி சேர்த்து ஓட்டுவமா?" என்றார்.

"இருக்கறதுலயே நீளமானதாப் பார்த்து மாட்டுங்க" என்றாள் அவள்.