வாசல் மறந்த மரவீடு

உள்ளே நின்றபடியே கனத்த மரங்களை அடுக்கிக் கூரைவரை முடித்த பிறகுதான், வாசல் விட மறந்தது தச்சருக்கு உறைத்தது. பழைய வீட்டின் தகரக் கூரையின் கீழ் ஏழு வருடம் வெந்து, இந்த வீட்டுக்காகக் காத்திருந்த வீட்டுக்காரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரம்பம் கையிலதானே இருக்கு? அறுத்துட்டு வெளிய வாங்க!"

ஜன்னலில் தச்சரின் தலை தெரிந்தது. "என்னம்மா அவசரம்? வெளிய அனல் பறக்குது, உள்ள குளுகுளுன்னு இருக்கு. தெருச் சத்தம்கூட இல்ல."

"அந்த ஆளைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க" என்று கணவனை ஜன்னல் வழியே ஏற்றிவிட்டாள்.

அரை மணி நேரமாகியும் சண்டை கேட்கவில்லை. ஜன்னலைத் தட்டினாள். கணவன் கொட்டாவி விட்டபடி எட்டிப் பார்த்தான்.

"வீடு பிரமாதம்டி. வாசல் மட்டும் வேண்டாம். வெச்சா கண்டவங்களும் உள்ள வந்துடுவாங்க" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.