தலை மட்டும் முதலியாருடையது

பாரிவாக்கம் மிராசுதார் ஜம்புலிங்க முதலியாருக்கு ஆளுயரப் படம் ஒன்று வேண்டியிருந்தது. பெண்ணைக் கொடுத்த நாளாய்க் குத்தம்பாக்கத்துச் சம்பந்தி அவரை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை. வெள்ளைக்காரர் கையால் எழுதிய படம் கூடத்தில் தொங்கினால் அந்த ஆள் வாயை மூடித்தானே ஆகவேண்டும்!

பூவிருந்தவல்லிப் பட்டாளத்தில் படம் எழுதும் துரை ஒருவர் இருந்தார். முதலியார் நடையாய் நடந்து அவரைச் சம்மதிக்க வைத்தார். துரையோ எடுத்தவுடன் வர்ணம் பூசமாட்டாராம். முதலில் பென்சிலால் உடம்பை மட்டும் பத்துத் தாளில் எழுதிப் பார்ப்பாராம். அதற்கு இரண்டு நாள் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டுமாம்.

நிற்பதா? முதலியாரா? சொந்த வயல் வரப்பிலேயே ஒரு நாழிகை நின்றறியாதவர்.

"தலை என்னுதா இருந்தாப் போதும். மத்ததெல்லாம் எவனுதா இருந்தா இன்னா?" என்று, தம் உயரமே இருந்த பண்ணைப் படியாள் துலுக்கானத்தை, துரை படம் எழுத வந்த தம் தோப்புக்கு அனுப்பினார். ஆனால் தம் சரிகை அங்கியை அவன் மேல் போட விடவில்லை. அதைக் கொடியில் தொங்கவிட்டார். துரை பார்த்து எழுதிக்கொள்ளட்டுமே!

முதல் நாள் தோப்பில் துரையும் துலுக்கானமும் மட்டும்தான். ஏற்றம் இறைத்துவிட்டு இளைப்பாறுகிறவனாட்டம் இடுப்பில் கை வைத்து, மார்பை நிமிர்த்தி நின்றான். ராஜா தோற்றான், போங்கள்!

மறுநாள் வேலையை மேற்பார்க்க முதலியாரே வந்து துரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அசையாம நில்றா!"

"ஆவட்டும் ஆண்டே" என்ற துலுக்கானத்தின் முதுகு தானாக வளைந்தது. கைகள் அக்குளுக்குள் போயின. முதலியாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவன் வேறு விதமாய் நின்று அவர் பார்த்ததே இல்லையே! வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

தலைக்கு மட்டும் அரை மணி உட்கார்ந்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, சம்பந்தி வீட்டாரை முதலியார் கூட்டி வைத்திருக்க, கூடத்தில் துரையே படத்தின் மேலிருந்த திரையை விலக்கினார். தலைப்பாகையும் மீசையும் முதலியாருடையவைதான். கீழே, சரிகை அங்கிக்குள், முதுகு வளைந்து, கைகளை அக்குளில் செருகி, கூலிக்கு வந்து நிற்கிற படியாள்! சம்பந்தி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

முதலியாருக்கு மானமே போய்விட்டது. "தொரே, நான் இப்டியா நிப்பேன்?"

துரை சந்தோஷமாய் இரண்டு பென்சில் தாள்களை எடுத்து நீட்டினார். "நிமிர்ந்து நிற்கிற இதைத்தான் முதலில் எடுத்தேன், முதலியார். உங்கள் ஜாடையே வரவில்லை. என் பங்களாவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் எப்படி நிற்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த இரண்டாவதுதான் அப்படியே நீங்கள்!"

வையவேண்டும் என்றுதான் முதலியார் வாயைத் திறந்தார். "ஆமாங்க தொரே" என்றுதான் வந்தது. அவர் மனைவி வரலட்சுமி படத்தை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு துரைக்கு இளநீர் எடுத்துவர உள்ளே போனாள்.