இரண்டு மேடைக்கும் ஒரே டிரம்ஸ்

நான் இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஒன்றை நடத்தும் சிவக்குமார் அண்ணன், “புதன்கிழமை ராசிபுரம் பக்கம் கச்சேரி” என்றார். இன்னொன்றை நடத்தும் தீபிகா அக்கா, “மாரியம்மன் பொங்கலுக்கு ஒரு கச்சேரி” என்றார். இருவரிடமும் “வாரேன்” என்றேன். பொங்கல் என்றைக்கு, எந்த ஊரில் என்று கேட்காதது என் தப்புதான்.

புதன்கிழமை வேனை விட்டு இறங்கினால் கோயில் தெருவின் இரு முனையிலும் மேடை. இரண்டு பேனரிலும் என் படம்.

“ஏம்மா மைதிலி, மொதல்ல எங்களுக்குத்தான ஒத்துக்கிட்ட?” என்றார் சிவக்குமார் அண்ணன்.

“அதெல்லாம் இல்லீங்க, அவ எங்க கூடத்தான் வாசிப்பா” என்று தீபிகா அக்கா என் பேஸ் டிரம்மைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கையை எடுங்க அக்கா. செட்டைத் தெரு நடுவுல போடறேன். அங்க ஒரு பாட்டு, இங்க ஒரு பாட்டு. நான் நிறுத்தமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் என் வேகத்துக்கு ஈடு குடுத்தாப் போதும்.”

சொன்னபடியே வாசித்தேன். மேல்முனையில் பாட்டு முடியும்போதே கீழ்முனைப் பாட்டின் தாளத்துக்கு மாறினேன். பாடகர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போன ஜனம், நாலாவது பாட்டில் நாற்காலிகளைத் தூக்கி வந்து என்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டது.

பத்தாவது பாட்டுக்கு இரண்டு மேடையும் காலி. மைக் ஒயரை இழுத்துக்கொண்டு எல்லோரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“அடுத்து எந்தப் பாட்டும்மா?” என்று என்னைக் கேட்டார் சிவக்குமார் அண்ணன்.

“மொதல்ல தள்ளி நில்லுங்கண்ணா, கை இடிக்குது” என்றேன்.