பாடத்தில் இல்லாத வரி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பொம்மசந்திரா பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் செல்போனை வாயருகே வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தவளை, குடை, மழை. பைத்தியமோ என்று தள்ளி நின்றேன். அவளுக்குப் பிரபா என்று பெயர் வைத்தது நான். மிச்சமும் பெரும்பாலும் என் கைச்சரக்குதான்.

2

பிரபா ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். வீடு ஹெப்பகோடியில். மகள் தாரணி மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசும் கெட்டிக்காரி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவள் கண்முன்னே நடனமா

(நிறுத்திவிட்டேன். எழுத்து நடனமாடும் என்று எல்லாரும் எழுதியாயிற்று. தாரணியைக் கேட்டால் வேறு சொல்கிறாள்: “எழுத்து சும்மாதாம்மா இருக்கு. எனக்குத்தான் வரல.”)

அதைக் கேட்ட அன்று பிரபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

3

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை என்று பிரபாவை உட்காரவைத்துச் சொன்னவர் சிந்தியா மிஸ். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகவே பள்ளிக்கு வந்துபோகிறவர். தட்டில் ரவையைப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் எழுதவைத்து, எழுதும்போதே அதன் ஒலியைச் சொல்லவைப்பார். அப்படித்தான் தவளைக்கான ‘ஃபிராக்’ என்ற இங்கிலீஷ் சொல்லை ஒருநாள் தாரணி தானே கூட்டிப் படித்தாள். மறுநாள் மறந்தும்போனாள். பரவாயில்லை, திரும்ப வரும் என்றார் மிஸ். வீட்டுக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றுதான்.

“அவ திணறினா நீங்க சொல்லிக் குடுக்காதீங்கம்மா. வாய மூடிட்டு வெயிட் பண்ணுங்க. அதான் கஷ்டம்.”

கஷ்டம்தான். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படிக்க வேண்டும், தாரணி படிக்காவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஷிப்டுக்கு ஓடுகிறவள் எங்கே காத்திருப்பது? டீ இடைவேளையிலும் பஸ் நிறுத்தத்திலும் பாடத்தைப் பேசிப் பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்பினாள். வீட்டிலிருந்த பழைய போனில் தாரணி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சிந்தியா மிஸ்ஸிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

4

கூட்டத்தில் தாரணி எழுந்து நின்று கடகடவென்று படித்தாள். பிரபாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தவளை குடை பிடித்தது, மழை வந்தது, அப்புறம் அதே குரலில், அதே ராகத்தில்:

“இருடி, சூப்பர்வைசர் வர்றாரு.”

வகுப்பே சிரித்தது.

(குழந்தை அப்படிச் சொல்லுமா என்று எனக்கே சந்தேகம். இங்கிலீஷ் நடுவே தமிழ் வந்தால் தெரியாதா? பயத்தில் தெரியாது. அவளுக்குப் போனில் அம்மா சொன்னதெல்லாம் பாடம்.)

மகள் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை என்பதும், பார்க்க விடாமல் செய்தது தான்தான் என்பதும் பிரபாவுக்குச் சேர்ந்தே புரிந்தன. அடிப்பாவி, பிள்ளையைச் சபையில் நிறுத்திக் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

5

ஒரு முடிவு எழுதினேன். தாரணி முழுப் பக்கத்தையும் படிக்கிறாள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். பொய் என்று அடித்துவிட்டேன்.

இன்னொன்று. பிரபா டிசி வாங்கிக்கொண்டு, மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே

இதுதான் நடந்திருக்கும் என்கிறாள் என் மனைவி. எனக்கு எழுதக் கை வரவில்லை.

ஆகவே அந்த வகுப்பறையிலேயே நிற்கிறேன். சிந்தியா மிஸ் எழுந்து வந்து, தலைமையாசிரியையிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார். புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு ஒரே ஒரு சொல்லைக் காட்டுகிறார். ரவையில் எழுதிய அதே சொல். தாரணி முதல் எழுத்தின்மேல் விரலை வைத்திருக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறாள். பிரபா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுகிறாள், சொல்லவில்லை.

அந்தச் சொல் உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.